சூடானால் நிற்கும் சொமர்செற்

யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் காருக்கு வருத்தம் வந்தால் அதைக் கராச்சுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு. கார் நிற்கிற வளவுக்கே திருத்துகிற பாஸ் வந்துவிடுவார். கோண்டாவிலில் நான் போய்ப் பார்த்த வேலையும் அப்படித்தான் நடந்தது. பாஸுக்கு எழுபது வயதுக்கு மேல். சைக்கிள் கரியரில் கட்டிய தகரப் பெட்டிக்குள் அங்குலக் கணக்கு ஸ்பானர்கள், ஒரு குறடு, எமரி பேப்பர், சிறிய போத்தலில் பெற்றோல், துணியில் சுற்றிய பழைய பாகங்கள் சில. கூடவே ஓர் இளைஞன், அவரது கையாள்.

கார் ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்த மாதிரி. நான்கு சிலிண்டர், 1200 சிசி. கியர் தடி ஸ்ரியறிங் தண்டிலேயே இருக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கைகாட்டி ஒன்று எழும்பும். முன்பக்கத்தில் ஹாண்டில் போட்டுச் சுற்ற ஒரு துவாரம் உண்டு. அந்தத் துவாரம் இந்த மண்ணில் எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சொந்தக்காரர் இளைப்பாறிய கணித ஆசிரியர். அவர் சொன்ன குறை இது: காலையில் கார் உடனே ஸ்டார்ட் எடுக்கிறது, நன்றாக ஓடுகிறது, சுன்னாகம் போய்ச் சேர முன்னம் உதறி உதறி நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்ப ஓடுகிறது. பெற்றோல்தான் ஏறவில்லை என்று நினைத்து ராங்கைக் கழுவுவித்தார், பம்பின் டயபிரம் மாற்றினார், கார்பரேற்றரைப் பிரித்துக் கழுவினார், புதிய பிளக்குகளும் போட்டார். குறை அப்படியே இருந்தது.

“மாஸ்டர், எல்லாத்தையும் ஒரே நாளில மாத்தினா எது பிழை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?” என்றார் பாஸ். “ஒண்டை மாத்துங்கோ, ஓடிப் பாருங்கோ, சரிவரேல்லை எண்டால் பழையதைத் திரும்பப் பூட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் அடுத்தது.”

பெட்டியைத் திறக்கமுன் அவர் கேள்விகள் கேட்டார். நிற்கமுன் கார் இழுவை குறைகிறதா, அல்லது சட்டென்று அணைகிறதா? சைலன்சரில் வெடிக்கிறதா? மேடு ஏறும்போது கூடவா? சமதரையிலும் அதே அளவா? பெற்றோல் வராத கார் பாரம் கேட்கும் நேரத்தில்தான் தளரும். மெல்ல மெல்ல வலு இறங்கும். பொறி கெட்ட கார் ஒழுங்கில்லாமல் உதறும், பின்னால் வெடிக்கும். “பின்னால வெடிக்குது” என்று ஆசிரியர் சொன்னதும் பாஸ் பெற்றோல் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கார் பழுது பார்க்கும் வேலையில் பாதி இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்வதைவிட இது கடினம்.

பிறகு ஒயில் கம்பியை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்த்தார். ஏன் என்று கேட்டேன். “மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம், தம்பி” என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை, பற்றறியும் கிடைக்கவில்லை. இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இங்கிலாந்திலேயே பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்துச் சூடானபின் ஒருவகை மண்ணெண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்டதுதான். அது தொழிற்சாலையில் அதற்கென்றே செய்த இயந்திரம். இங்கே பாஸ்மார் கையிலிருந்த காரை வைத்து அதைச் செய்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு, பற்றறி செத்த காரை ஹாண்டில் போட்டுச் சுற்றி எழுப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முந்திக்கொண்டு எரிந்து எஞ்சினை இடிக்கவைக்கும் என்பதால் ரைமிங்கைப் பின்தள்ளி வைப்பார்கள். ஏ-40 எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். அந்தக் குறைவான அமுக்கம்தான் அதைக் காப்பாற்றியது. இன்றைய காருக்கு அப்படிச் செய்தால் தாங்காது.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மட்டம் ஏறும், பெயரிங் தேயும். அதனால்தான் மணந்து பார்க்கும் பழக்கம். நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கார்களில் இவர் கை பட்டவை பல. அந்த ஆண்டுகளில் இந்தத் தொழிலாளர் செய்தது பொறியியல். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது ஏறவில்லை என்பது எனக்குக் கவலை.

ஆசிரியரின் காருக்கு வருவோம். ஓடி ஓடிச் சூடாக்கப் பாஸ் விரும்பவில்லை. றேடியேற்றருக்கு முன்னால் சணல் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, வளவிலேயே எஞ்சினை ஓடவிட்டார். மேல் குழாயில் அடிக்கடி கை வைத்துச் சூட்டை அளந்தார். ஒரு வாளி மணல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் உதறத் தொடங்கி நின்றது. குறை இப்போது கண்முன்னால் இருக்கிறது. ஆறிவிட்டால் ஒளிந்துகொள்ளும், ஆகவே கை விரைந்தது. டிஸ்ரிபியூற்றர் மூடியிலிருந்து கொயில் வயரைக் கழற்றி, குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் விலத்தி வைத்தார். கையாள் ஹாண்டிலைச் சுற்றினான். பொறி மெலிந்து மஞ்சளாக விழுந்தது. நீலமாக, சத்தத்தோடு விழ வேண்டியது. மூடியைத் திறந்து, கொயிலின் மின்னோட்டத்தை அறுக்கும் பொயின்றைப் பார்க்கச் சொன்னார். அடுத்த சுற்றுக்குப் பொயின்ற் திறக்கும் இடத்தில்தான் பெரிய நீலப் பொறி பளிச்சிட்டது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

“கொன்டென்சர்” என்றான் கையாள். பாஸ் தலையாட்டினார்.

கொன்டென்சர் சுண்டுவிரல் நுனி அளவான சிறிய தகர உருளை. பொயின்ற் திறக்கும் கணத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயாமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை. அப்போதுதான் கொயிலில் மின்னோட்டம் சட்டென்று அறுந்து, பிளக்கில் பலமான பொறி பிறக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் பொயின்ற் ஒரு செக்கனுக்கு 100 முறை திறக்கிறது. சூட்டில் உள்ளிணைப்பு விலகிவிடும் கொன்டென்சர் அந்த வேலையைக் கைவிடும். ஆறினால் இணைப்பு திரும்பச் சேரும். ஆசிரியரின் காரில் நடந்தது இதுதான்.

பாஸ் பழையதைக் கழற்றவில்லை. துணிப் பொட்டலத்திலிருந்து தனக்கு நம்பிக்கையான ஒன்றை எடுத்து, வயரால் வெளியிலேயே பொயின்றுக்கும் உடம்புக்கும் இடையில் தற்காலிகமாக இணைத்தார். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஹாண்டில் சுற்றியதும் எழும்பி, உதறாமல் நின்று ஓடியது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பொயின்றில் கருகியிருந்ததை எமரியால் மெல்லத் தேய்த்து, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைத்தார்கள். புதிய கொன்டென்சரை டிஸ்ரிபியூற்றருக்குள் பூட்டாமல், சூடு குறைந்த இடத்தில் வெளியே பொருத்தினார் பாஸ். இப்போது கடையில் வரும் கொன்டென்சர்கள் சூடு தாங்குவதில்லை என்பது அவர் அனுபவம். கையாளுக்கு இதுவும் பாடம்.

அந்தப் பொடியன் கிழமை நாட்களில் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறான். பழைய காரை நம்பி அடுப்பு எரியாது என்று அவனுக்குத் தெரியும். பாஸுக்கும் தெரியும். கிங்பின் புஷ் தேய்ந்தால் கடைச்சல்காரரிடம் ஓடி அளவு கொடுத்துக் கடைய வேண்டும். பிறேக் சிலிண்டர் கசிந்தால் ரப்பர் தேடி அலைய வேண்டும். அலைச்சலுக்குக் கூலி கேட்க இவர்களுக்கு வாய் வராது. தெற்கில் மோரிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிலைச் சார்ல்ஸ் வேர் என்ற ஆங்கிலேயரும் தனபால சமரசேகரவும் சேர்ந்து கட்டினார்கள். கைத்திறன் இருந்தால் பழைய காரிலிருந்து தொழில் எழும்பும் என்பதற்கு அது சாட்சி. வடக்கில் நான் பார்த்ததெல்லாம் வளவு வேலைதான். கார்களைத் தேடி வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நல்ல விலையும் சொல்கிறார்கள். திருத்துகிறவரை ஒருவரும் விசாரிப்பதில்லை.

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பொயின்ற், பிளக், கிறீஸ், தண்ணீர் ஆகியவற்றைத் தாங்களே பார்க்கலாம். பற்றறியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; இந்தக் கார்களில் எர்த் ஆவது நேர்முனை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பிறேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் மட்டும் கை வைக்க வேண்டாம், பாஸைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது உள்ளே போய்ப் படுத்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள். எதை முதலில் பார்க்கிறார், ஏன் அந்த ஒழுங்கில் பார்க்கிறார் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் மோட்டார் தொழில் படிப்பிக்கும் கல்லூரிகள் இவர்களை வகுப்புக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, மாணவர்களுக்கு முன்னால் ஒரு பழுதைப் பிடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த வருடமே அழையுங்கள்.