மூச்சுக்கும் உண்டு கணக்கு!

சென்னையில் புறப்படும்போதே வீட்டில் ரகளை. 'பாஸ்போர்ட் எங்கே?' என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பாஸ்போர்ட் என் சட்டைப் பையிலேயே இருந்தது! மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் உறுத்தல்.

போய் இறங்கிய இடம், இத்தாலியில் சிசிலித் தீவின் கட்டானியா. எட்னா எரிமலை அடிவாரம். ஓபரா இசையமைப்பாளர் பெல்லினி 1801-ல் பிறந்த ஊர். கதீட்ரலில் அவர் கல்லறை. தியேட்டருக்கு அவர் பெயர். அட, கத்தரிக்காய் பாஸ்தாவுக்குக்கூட அவருடைய 'நார்மா' ஓபராவின் பெயர்! (அதே 'நார்மா' 1831-ல் மிலன் லா ஸ்காலாவில் முதல் நாள் ஊற்றிக்கொண்டது. அப்புறம்தான் பிய்த்துக்கொண்டு ஓடியது!)

1890-ல் 'நார்மா'வோடு திறக்கப்பட்ட அந்தத் தியேட்டரைச் சுற்றிக் காட்டிய பெண்மணி, 'பெல் கான்டோ' பற்றிச் சொன்னார். 'அழகாகப் பாடுதல்' என்று அர்த்தம். ரோஸினி, டோனிசெட்டி, பெல்லினி மூவரும் அந்தப் பாணிக்காகவே எழுதியவர்கள். மைக் கிடையாது. வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசை வரை குரல் போகணும். ஆனால், கத்தக் கூடாது!

எப்படி? மூச்சுதான் முதல். ஒரே ஸ்வரத்தை மெல்ல ஆரம்பித்து, பெருக்கி, மறுபடி மெலிதாக்கி... எல்லாம் ஒரே மூச்சில். பி.காம். மூளைக்குச் சட்டென்று புரிந்தது. சம்பளத்தை முப்பதாம் தேதி வரை இழுக்கிற அதே வித்தை!

சத்தம் சும்மா இருக்குமா? 1837-ல் பாரிஸில் டுப்ரே என்ற பாடகர், உச்ச ஸ்வரத்தை நெஞ்சுக்குரலில் முழங்கினார். கூட்டம் கிறங்கிப் போனது. ரோஸினிக்குப் பிடிக்கவில்லை. யார் கேட்டார்கள்? ஆர்க்கெஸ்ட்ரா பெருத்தது, குரலும் பெருத்தது. பழைய நளினம் ஒதுங்கியது. 1950-களில் மரியா காலஸ் வந்துதான் அந்தப் பாட்டுகளுக்கு மறுபடி உயிர்.

என்னை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண்மணி மேடையில் நின்று ஒரு ஸ்வரம் பாடினார். தாலாட்டு மாதிரி, அவ்வளவு மெல்ல. ஒவ்வொரு இழையும் என் காதுக்கு வந்தது. சத்தம் வேறு, போய்ச் சேருவது வேறு!

ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன்.

"அன்னிக்கு பாஸ்போர்ட் விஷயத்துல... தப்பு என் மேலதான்."

"என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா? இவ்ளோ மெதுவாப் பேசறீங்க?"

"ஏன், கேக்கலையா?"

கொஞ்ச நேரம் மௌனம். "நல்லாவே கேக்குது" என்றாள்.