பச்சை விளக்கும் என் பொய்க் கணக்கும்

இது நான் சாதித்த கதை இல்லை. கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு தப்பு.

என் மாமா கார்ட்லெஸ் போன் நெட்வொர்க் போடும் வேலை பார்க்கிறார். ஒரு மருத்துவமனையில் மூன்று மாடிக்கும் சேர்த்து 9 பேஸ் ஸ்டேஷன் மாட்டியிருந்தார். ஆனால் இரண்டாம் மாடியில் எக்ஸ்ரே அறையைத் தாண்டி நடந்தால் சில நேரம் பேச்சு கட்டாகிவிடும். சில நேரம் ஒன்றும் ஆகாது. "லீவுதானே மாப்ள, கூட வா" என்று என்னையும் அழைத்துப் போனார்.

போகும் வழியில் விளக்கினார். வீட்டுக்கு ஒரு பேஸ் போதும். பெரிய கட்டடத்துக்குப் பல வேண்டும். நாம் பேசிக்கொண்டே நடந்தால், போன் அடுத்த பேஸில் இடம் பிடித்த பிறகுதான் பழையதை விடும். இந்த முறைக்கு டெக்ட் என்று பெயர். 1992-ல் ஐரோப்பாவில் இதற்குத் தரம் வகுத்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் இதை வைத்தே 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கினார்களாம்!

டெக்டில் ஒரு விநாடிக்கு 100 ஃபிரேம். ஒரு ஃபிரேமில் 24 ஸ்லாட். முதல் 12-ல் பேஸ் அனுப்பும், அடுத்த 12-ல் போன் அனுப்பும். எல்லா பேஸும் ஒரே நேரத்தில் ஃபிரேமைத் தொடங்கினால்தான் போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். அதற்காக ஒரு பேஸை மாஸ்டராக வைப்பார்கள். அதன் ரேடியோவைக் கேட்டுப் பக்கத்து பேஸ் நேரத்தைச் சரிசெய்யும். அதைக் கேட்டு அடுத்தது. நம்ம மார்ச் பாஸ்ட் மாதிரிதான். நடுவில் ஒருவன் காலை மாற்றிப் போட்டால் பின்னால் வரிசையே மாறிவிடும்.

எனக்குத் தந்த வேலை சுலபம். 6-ஆம் எண் பேஸுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார வேண்டும். பச்சை விளக்கு நின்று எரிந்தால் நேரம் ஒத்திருக்கிறது. மினுக்கினால் தவறிவிட்டது. 10 மணி முதல் 12 மணி வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் குறிக்க வேண்டும்.

அரை மணி நேரம் ஒழுங்காக எழுதினேன். அப்புறம் போரடித்தது. கேன்டீன் டி.வி.யில் கிரிக்கெட் ஓடியது. போய்விட்டேன். 11.45-க்குத் திரும்பியபோது விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. விட்ட இடமெல்லாம் 'பச்சை, பச்சை' என்று எழுதிவிட்டேன்.

மாமா நோட்டைப் பார்த்தார். "அப்ப 6 நல்லாயிருக்கு, 7-லதான் கோளாறு" என்று 7-ஐக் கழற்றி, கேபிள் மாற்றி, சாயங்காலம் வரை அல்லாடினார்.

இரவு 7 மணி இருக்கும். ஒரு சிஸ்டர் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே நடந்து வந்தார். "எத்தனை மில்லி டாக்டர்? ஹலோ... ஹலோ..." கட்! லேண்ட்லைனைத் தேடி ஓடினார். கட்டிலில் ஒரு பாட்டி மூச்சு வாங்கியபடி படுத்திருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "கருவிய நம்புற மாதிரி உன் நோட்டையும் நம்புனேன்டா" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். 10.20-க்கு விளக்கு மினுக்கியது. திரும்பிப் பார்த்தேன், எக்ஸ்ரே அறைக் கதவு மூடியிருந்தது. கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி பச்சை! கதவிலும் சுவரிலும் ஈயத் தகடு. அறைக்கு அந்தப் பக்கம் இருந்த 5-ஐக் கேட்டுத்தான் 6 நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு மூடியதும் தன் கடிகாரத்தை வைத்தே ஓடி, மெல்ல விலகிவிடும். அதை நம்பியிருந்த 7-ம் கூடவே விலகும்.

மாமா 6-ஐ மாடிப்படி பக்கத்து பேஸைக் கேட்கும்படி மாற்றினார். ஓரத்தில் இருந்த மாஸ்டர் பொறுப்பை நடுவில் உள்ள பேஸுக்குத் தந்தார். அப்போதுதான் இரண்டு பக்கமும் சங்கிலி நீளாது. பிறகு போனில் பேசியபடி 30 தடவை நடந்தேன். ஒரு தடவைகூடக் கட்டாகவில்லை.

நண்பர்களே, லேபில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுதுவது நமக்குப் புதிதல்ல. இப்போது எனக்குக் கை வருவதில்லை. எடுக்காத ரீடிங்குக்கு நேரே கோடு போட்டுவிடுகிறேன். ரெக்கார்டில் 2 மார்க் போய்விட்டது. போகட்டும்!

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்