சீசன் நேரத்து நோயாளி

தென்காசிக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் மட்டும் உடம்புக்கு முடியாமல் போகக்கூடாது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மதுரை, தூத்துக்குடிச் சொந்தமெல்லாம் இங்கேதான். ஐந்தருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் தின்றுவிட்டு, "அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்" என்று ஈரத்தலையோடு வந்து நிற்பார்கள். மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்தது அப்படியொரு ஆனி மாதத்தில்.

என் அம்மா காலத்தில் இந்த நோயின் பேரைச் சொல்லவே பயப்படுவார்கள். தங்கையை இதற்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். ஆனால் எங்களுக்குச் சென்னை ஒரு ராத்திரிப் பயணம். 1981இல் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனை வந்த பிறகு மலையைத் தாண்டினால் போதும் என்றானது. நானும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். திரும்பி வரும்போது புளியரை வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப, மடியில் இருந்த பிளாஸ்டிக் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடுவையைச் சொல்ல வேண்டும். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டதால் உள்ளே ஊறும் நீர் வடிவதற்கு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் முனையில் இந்தக் குடுவை. தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் 30 மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுக்கலாம் என்றார்கள். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கை வீங்கிவிடலாம் என்றார்கள். அதற்காகக் கையைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. சுவரில் விரலை ஊன்றிப் பல்லி மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். சுவிட்சுப் பெட்டி வரைக்கும் ஏறிய விரல் காலண்டர் ஆணியைத் தொடுவதற்குள் சாரலே ஓய்ந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஆளுக்கு ஒருதரம், "முதல்ல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்பார்கள். நானும் முதலிலிருந்து சொல்வேன். சாயங்காலம் ஆனால் தொண்டை கட்டிவிடும். டாக்டர் முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடச் சொன்னார், புண் ஆற வேண்டுமே. வந்தவர்கள் முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, "மங்குஸ்தான் தின்னா கட்டி கரைஞ்சிரும்" என்று பை பையாக வாங்கி வந்தார்கள். கட்டியைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே! பழம் ருசியாக இருந்தது, தின்றேன்.

இந்த லட்சணத்தில் எனக்கு வீம்பு வேறு. குடுவையைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் காபி போட்டுக் கொடுத்தேன். படுத்தே கிடந்தால் 'வீட்டுக்கு வந்தவங்களைக் கவனிக்கல' என்ற பேச்சு வந்துவிடுமாம். அந்தப் பெண்மணியை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். ஒருநாள் வந்து, எதுவும் கேட்காமல் அடுப்படியில் நுழைந்து, "நீங்க படுங்க மதினி, காபி நான் போடுதேன்" என்றாள். அதற்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவளே எட்டிப் பார்த்து, "மதினி தூங்குதாவ" என்று சொல்லிவிடுவாள். போகும்போது பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு வாங்கிப் போனாள். மறுநாள் கொண்டுவந்ததில் கை தொளதொளவென்று இருந்தது. முன்பக்கம் கொக்கி. உள்ளே ஒரு பக்கம் மட்டும் சின்னப் பை தைத்து இலவம்பஞ்சு வைத்திருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தழும்பு ஆறிய பிறகு அதைப் போட்டுக்கொண்டுதான் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசல் காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது. அதை இழுத்து மூட வேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது நாள்பட்ட நோயாளிகளைத் தேடி வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரவும் வலி பார்க்கவும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ரவிக்கைக்கு இன்னும் நாங்கள்தான். ஊரில் யாராவது ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், கதை கேட்காமல் பழைய ரவிக்கையை மட்டும் வாங்கி வந்துவிடுவேன். தையல்காரிக்குக் கண் மங்கிவிட்டது, எனக்குப் புரை எடுத்தாயிற்று. அதனால் ஊசியில் நூல் கோப்பது நான், மிஷின் மிதிப்பது அவள். கூலி எவ்வளவு என்று யாராவது கேட்டால் என்னைத்தான் முறைப்பாள்.