நெய் பிஸ்கட்டும் நாங்க கேட்ட மன்னிப்பும்

 

தீபாவளிக்கு நம்ம கோயில் தொண்டர்கள் செய்த நெய் பிஸ்கட் 120 போத்தலும் முடிந்துவிட்டது. வாங்கிய, வாங்கச் சொல்லி நாலு பேருக்குச் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் காசு முழுவதும் ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்துக்குத்தான் போகிறது.

"முட்டை போடாமல் எப்படி இவ்வளவு மெதுவாக வந்தது, செய்முறை போடுங்க" என்று நிறைய பேர் வாட்சப்பில் கேட்டுவிட்டீர்கள். போடுகிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் பிஸ்கட் நல்லா வந்ததற்குப் பின்னால் எங்க தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் போட்டால் மனசு கேட்கவில்லை.

நம்ம கோயிலில் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலை கட்டும் அக்காவை உங்களுக்குத் தெரியும். பேர் போடாதீங்கன்னு சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை. பிஸ்கட் செய்வதில் அவர்களுக்குத் தோட்டத்துக் காலத்திலிருந்து பழக்கம். அப்போ ஓவன் ஏது? தகர டின்னில் அடுக்கி, மேலேயும் கீழேயும் கரி நெருப்பு போட்டு சுட்டு எடுப்பார்களாம். போன வருஷமும் அவர்கள் கைப்பக்குவம்தான்.

இந்த வருஷம் புரட்டாசியில் முதல் ஞாயிறு ஆரம்பித்தோம். ஓவன் காத்திருக்கக் கூடாது என்று அவசரப்பட்டு, அக்காவையும் அவசரப்படுத்தி, காலையிலேயே 5 கிலோ மாவையும் ஒரே மூச்சில் பிசைந்து வைத்துவிட்டோம். முதல் தட்டு வெளியே வந்தது. மேலே வெடிப்பே இல்லை. உருட்டி வைத்தது அப்படியே மொழுக்கென்று உட்கார்ந்திருக்கு. கடித்தால் கனமாக இருக்கு, வாயில் கரையவில்லை. வேகவில்லை போல என்று இன்னும் 10 நிமிஷம் விட்டோம். கல்லாகிவிட்டது.

ஓவனைக் கூட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம். எல்லாத் தட்டும் அதே கதை. கிட்டத்தட்ட 1000 பிஸ்கட் போச்சு.

அப்போ எங்க வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "யார் அளந்தது?"

அளந்தது அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டோம். "மாவு கூடிப் போச்சு போல, வயசாச்சுல்ல, அளவு மறந்திருப்பாங்க" என்று எங்களில் ஒருவர் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. மற்றவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவினார்கள், பையை எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. அம்மன் கழுத்தில் கடை மாலை. "ஏன் இன்னைக்கு மாலை ஒரு மாதிரியா இருக்கு?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். நாங்க ஏதோ சொல்லிச் சமாளித்தோம்.

இங்கே எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களில் பாதிப் பேர் பேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், சூப்பர்வைசரும் உண்டு. லைனில் ஒரு சாமான் கெட்டு வந்தால் உடனே ஆளைப் பிடிக்காதே, முதலில் மெட்டீரியலைப் பார், மெஷினைப் பார், அப்புறம் ஆளிடம் பேசு என்று வருஷக்கணக்காக மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள். கோயில் சமையல்கட்டுக்குள் வந்ததும் அந்தப் பாடத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அக்கா இல்லாமல் நாங்களே இறங்கினோம். மாவு கூடிப் போனதுதான் காரணம் என்றால், குறைத்தால் சரியாகணும் இல்லையா? 2 கிலோ கணக்குக்கு மாவைக் குறைத்துப் போட்டோம். நெய் ஒழுகிப் பரவியதே தவிர, பிஸ்கட் பொங்கவில்லை. அப்போதான் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. சாமான் வாங்கும் கடைக்குப் போன் போட்டோம். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி: "பேக்கிங் பவுடர் எப்போ வாங்கியது?"

போன தீபாவளிக்கு வாங்கியது. பாதி பாக்கெட் மீதி. வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் வைத்தது நாங்கதான். வாரம் தவறாமல் அதன் மேல் ஆவி அடித்திருக்கு. பாக்கெட்டில் போட்ட தேதி இன்னும் முடியவில்லை, அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பேக்கிங் பவுடரில் சோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் கலந்திருக்கும். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து காற்றை விடும். அந்தக் காற்றுதான் பிஸ்கட்டைப் பொங்க வைக்கிறது. ஆவியிலேயே அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டால், ஓவனுக்குள் போகும்போது மிச்சம் இருப்பது வெறும் தூள்.

கடைக்காரர் சொன்னபடி அரை தேக்கரண்டி எடுத்து, கால் கப் சுடுதண்ணியில் போட்டோம். சுண்ணாம்புத் தூள் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. புதுப் பாக்கெட் வாங்கி வந்து போட்டோம். சர்ரென்று நுரைத்துப் பொங்கியது. இரண்டு கப்பையும் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. நாலு பேர் அக்கா வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள், போத்தலைத் திறந்து அவர்கள் வீட்டில் செய்த நெய் பிஸ்கட்டையும் வைத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "பிஸ்கட் கெட்டதுக்கு நான் வருத்தப்படலப்பா. எத்தனையோ தடவ கெட்டிருக்கு. பிள்ளைங்க எல்லாம் நிக்கும்போது யாரு அளந்ததுன்னு கேட்டீங்களே, அதான். தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருந்தாலும் அடுத்த வெள்ளி அக்கா வந்தார்கள், மாலை கட்டினார்கள். பிள்ளைகள் முன்னால் சொன்ன பழியைப் பிள்ளைகள் முன்னாலேயே எடுக்க வேண்டும் என்று, அந்த ஞாயிறு சமய வகுப்பில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி மறுபடியும் மன்னிப்புக் கேட்டோம். கெட்டுப்போன சாமானுக்கு நாங்களே கைக்காசு போட்டோம், கோயில் காசில் ஒரு வெள்ளிகூடத் தொடவில்லை. கல் பிஸ்கட்டை வீணாக்கவில்லை. தேத்தண்ணியில் ஊறவைத்து ஊறவைத்து நாங்களே தின்று முடித்தோம். அது எங்களுக்கு அம்மன் கொடுத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. இது அக்காவின் அளவு, சுமார் 200 பிஸ்கட் வரும்.

கோதுமை மாவு 1 கிலோ, நெய் 600 கிராம், ஐசிங் சீனி 450 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

பேக்கிங் பவுடரை இப்போது அக்கா அன்றன்றைக்கே கலக்கச் சொல்கிறார்கள். பேக்கிங் சோடா 1 பங்கு, கிரீம் ஆஃப் டார்டார் 2 பங்கு, சோள மாவு 1 பங்கு. மூன்றும் காய்ந்திருக்கணும், கரண்டியும் காய்ந்திருக்கணும். கிரீம் ஆஃப் டார்டார் என்றதும் பால் சாமான் என்று நினைக்க வேண்டாம், திராட்சையிலிருந்து வரும் ஒரு வகை உப்பு அது. பேக்கரி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும்.

மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை சலிக்கவும். நெய்யையும் சீனியையும் வெளுத்து வரும் வரை நன்றாக அடிக்கவும். நெய் உருகி இருக்கக் கூடாது. அப்புறம் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சப்பாத்தி மாதிரி அழுத்திப் பிசையாமல் விரலால் கூட்டினால் போதும். சேரவில்லை என்றால் ஒன்றிரண்டு கரண்டி பால். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக, 10 கிராம் அளவு உருட்டி, இடைவெளி விட்டு அடுக்கவும். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். மேலே வெளுப்பாகவே இருக்கும், அடியில் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். சூட்டோடு தொட்டால் உடையும். நன்றாக ஆறிய பிறகுதான் போத்தலில் போட வேண்டும்.

கடையில் வாங்கிய பேக்கிங் பவுடர் என்றால் முதலில் சுடுதண்ணியில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. நாங்க அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு செய்யாததால் ஒரு அக்காவைக் கோயிலை விட்டு அழாத குறையாக அனுப்பினோம். அடுத்த தடவை உங்க வீட்டிலோ, வேலை இடத்திலோ, நம்ம கோயிலிலோ ஏதாவது கெட்டுப்போனால், யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால் டின்னைத் திறந்து பாருங்கள். கேட்டே ஆகணும் என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்த வருஷமும் பிஸ்கட் உண்டு. மாவு சலிக்க, உருட்ட, போத்தல் கழுவ ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து மண்டபத்தில் அக்காவிடம் பேர் கொடுங்கள். அளக்கிற வேலை மட்டும் காலி இல்லை, அது அக்காவுடையது.

அம்மன் எல்லாரையும் நல்லா வைக்கட்டும்.