இறால் தடவுதல்

சின்னம்மாவுக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது ‘தொழில்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெயில் காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறாள். மழை பிடித்தால் அங்கே வேலை கிடையாது; கழுவெளியில் இறங்கி இறால் தடவுவாள். படகு இல்லை, வலை இல்லை. தண்ணீருக்குள் குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் துழாவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் பறிக்குள் போட வேண்டும். இருளர் பெண்களோடு போய்க் கற்றுக்கொண்ட வேலை.

‘மீனவர்’ என்று எழுதினேன். மனுவை வாங்கியவர், “சங்க அட்டை இருக்கா? படகு?” என்று கேட்டார். இரண்டும் இல்லை. “அப்ப கூலின்னு போடும்மா.”

வெளியே வந்ததும் சின்னம்மா சிரித்தாள். “கூலின்னா யாரு குடுக்கறா? ஏரியா குடுக்குது?”

2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. நான் மகிழ்ந்தேன், இப்போதும் மகிழ்ச்சிதான். ஆனால் சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்பதை ஆட்சியர் விசாரிக்க வேண்டும், உரிமை கோருபவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நல்ல ஏற்பாடுதான், கையில் காகிதம் இருப்பவர்களுக்கு. சேற்றைத் துழாவும் கைக்குப் பட்டா ஏது?

நான் பிறந்தது திண்டிவனம் பக்கம். ஐப்பசியில் எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்போம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சின்னம்மாவுக்குத் தெரியும். ஏரி ஏரியாக இறங்கிக் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே ஏறி, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்கின்றன. “மேல மழ பேஞ்சி தண்ணி வந்தாத்தான் இங்க கை நெறயும்” என்பாள். மேலே என்றால் எங்கள் ஊர்.

ஆக, அவள் பறி நிறைய வேண்டுமானால் எத்தனை பேர் மனசு வைக்க வேண்டும்! பெரிய ஏரி நீர்வளத் துறையிடம், சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம். திண்டிவனத்துச் சிப்காட் உணவுப் பூங்கா தொழில் துறையிடம். சரணாலயம் வனத்துறையிடம். உப்பு ஒன்றிய அரசின் அதிகாரத்தில். கழிமுகத்தின் தென்கரை விழுப்புரம் மாவட்டம். ஆலம்பரைக் கோட்டை இருக்கும் வடகரை காஞ்சிபுரமாக இருந்து 2019 முதல் செங்கல்பட்டு. வானூர் நிலத்தடி நீரையோ புதுச்சேரியும் சேர்ந்து உறிஞ்சுகிறது. அது இன்னொரு அரசு.

சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டில் கிடங்கிலும் இருந்தது, எயிற்பட்டினமும் இருந்தது. கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்கிறார்கள். மேட்டுத் தண்ணீரும் கடல் முகமும் ஒரே நாட்டுக்குள். உப்பு விற்கும் உமட்டியரும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். எங்கள் அலுவலகப் படிவத்தில்தான் அவர்களுக்கு இடமில்லை.

இதே முகத்துவாரத்தில், இந்தக் கரையில் அழகன்குப்பத்திலும் அந்தக் கரையில் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்ட மீன்வளத் துறை திட்டமிட்டது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒரு துறை ஈரநிலத்தைக் காக்க நிற்கும்போது இன்னொரு துறை அதன் வாயில் கல் கொட்ட நிற்கிறது. இரண்டும் ஒரே அரசு. ஆனாலும் துறைமுகம் வேண்டாம் என்று சொல்வது திண்டிவனத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சுலபம். கரையில் படகு இழுத்து இழுத்து முதுகு போனவரின் மனைவிக்கு அது சுலபமில்லை. என் தங்கை மகளும் உணவுப் பூங்காவில் வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேண்டாமடி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இரண்டு மாவட்டமும் புதுச்சேரியும் எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மேலே எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், என்ன கழிவை விடக்கூடாது, முகத்துவாரத்தில் எதைக் கட்டலாம் என்று சேர்ந்து முடிவெடுக்கட்டும். அதைத்தான் கேட்கிறோம். ஆனால் அந்த மேசைக்கு அழைக்கப்படுபவர்கள் யார்? நிலம் வைத்திருப்பவர், படகு வைத்திருப்பவர், சங்கத் தலைவர். மூன்றும் பெரும்பாலும் ஆண்கள். தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துச் சொல்லக்கூடியவள் அன்றைக்கு இறால் தடவப் போயிருப்பாள். அழைத்தாலும் ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு வர வேண்டும். அதை யார் தருவார்கள்?

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. மனு வேறொரு துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். புதிதாக ஒன்று எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ‘கழுவெளியில் கையால் இறால் தடவுதல்’ என்று, கட்டத்துக்குள் அடங்காமல், ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

சின்னம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “உப்பு வாரறதையும் போடு” என்றாள். போட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.