ஃபியூஸ் கட்டையின் ஊர்

கரண்ட் போனால் பழைய வீடுகளில் கை முதலில் நீள்வது மீட்டர் பெட்டிக்குத்தான். உருவிப் பார்க்கிறோமே அந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை, அது விருத்தாசலத்துச் சூளையில் வெந்ததாக இருக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்குவது ரயில் மாறுவதற்கு, இல்லையென்றால் பழமலைநாதரைப் பார்ப்பதற்கு. திருமுதுகுன்றம் என்பது தேவாரப் பெயர். சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று புராணம் சொல்லும். கோபுரம், பிரகாரம், தேர் என எதை எண்ணினாலும் ஐந்து என்பது ஊர்க்காரர்களின் பெருமை. செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவியின் கை இங்கும் பட்டிருக்கிறது.

கோயில் ஊரின் முகப்பு என்றால், பீங்கான் தொழிற்பேட்டை அதன் கொல்லைப்புறம். கொட்டகைகள், புகைபோக்கிகள், காயவைத்த பலகைகள், எங்கு தொட்டாலும் ஒட்டும் வெள்ளைத் தூசி. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கோபுரத்தைவிட இங்கேதான் நேரம் போவது தெரிவதில்லை.

தொழில் இங்கே வேர்விட நெய்வேலி ஒரு காரணம். பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அதோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து அரைக்கிறார்கள். ஃபியூஸ் கட்டைக்கு லேசான ஈரமுள்ள பொடியை எஃகு அச்சில் இட்டுத் திருகி அழுத்த வேண்டும். கொலுப் பொம்மைக்கு வழி வேறு. கூழான மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் தோல்போல மண் படியும், மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். பொம்மையின் வயிறு காலியாக இருப்பது அதனால்தான்.

மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கான் 1,200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ வேக வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்குவது சூளையின் உள்சுவரிலுள்ள தீச்செங்கல். காய்ந்து வெந்து முடிவதற்குள் பொருள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கட்டையில் திருகாணி பொருந்த வேண்டுமே, அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துத்தான் அச்சு வெட்டுகிறார்கள். இதையெல்லாம் பாடமாகச் சொல்லித்தர ஊரிலேயே அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் உண்டு.

இப்போது புது வீடுகளில் ஃபியூஸ் கட்டை இல்லை. தானே விழும் எம்சிபி வந்துவிட்டது. அகல்விளக்குக்குக் கார்த்திகை, பொம்மைக்கு நவராத்திரி என்று காலண்டரைப் பார்த்துச் சூளை மூட்டலாம். கட்டைக்கு அப்படி ஒரு பண்டிகை கிடையாது.