கோலாலம்பூர் மகாநாட்டுக்குச் செல்வோர்க்குச் சில வார்த்தைகள்

வெளிநாட்டு மகாநாடு ஒன்றுக்கு அழைப்புக் கிடைத்துவிட்டால் நம்மவர் புறப்படும் நாள்வரை கட்டுரையைத் திருத்திக்கொண்டே இருப்பர். பெட்டி கட்டுவதை இறுதி இரவுக்கு விட்டுவிடுவர். இவ்வழக்கம் எத்துணைத் தவறானது என்பதை நாம் கோலாலம்பூரிற் கற்றுக்கொண்டோம்.

அந்நகர் தமிழாராய்ச்சியாளருக்குப் புதியதன்று. நம் நாட்டவரான வண. பிதா தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த காலத்தில், 1966ஆம் ஆண்டு, முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாடு அங்கேதான் கூடியது. 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அந்நகரே அதனை வரவேற்றது. இனியும் நம்மிற் பலர் அங்கு செல்லக்கூடும். ஆதலின், நாம் பட்டறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு நடைபெற்ற ஒரு மகாநாட்டில், மலாயாப் புகையிரத சேவையிற் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவர் பற்றிப் பேசுவதற்குச் சென்றிருந்தோம். எமது பாட்டனார் அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களே எமக்கு ஆதாரம். கட்டுரையையும் அக்கடிதங்களையும் பட்டுச் சால்வையிற் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் பத்திரமாக வைத்தோம். இரவு விமானத்தில் நாம் வந்திறங்கினோம், பெட்டி வரவில்லை. மறுநாட் காலை ஒன்பது மணிக்கு எமது பேச்சு. நினைவில் நின்றவற்றைக் கூறி ஒருவாறு முடித்தோம்.

மேடையை விட்டு இறங்கியதும் மூதாட்டி ஒருவர் எம்மை அணுகினார். சிரம்பானிலிருந்து எமது பேச்சைக் கேட்பதற்காகவே வந்தவர். "தம்பி, நீங்கள் சொன்ன புகையிரத நிலைய அதிபர் என்ரை ஐயாதான். அவரைப் பற்றி எழுதின கடிதத்தை ஒருக்காற் காட்டுவீங்களோ?" என்று வினவினார். நாம் வெறுங்கையுடன் நின்றோம்.

ஆகவே முதலாவது குறிப்பு: திரும்பப் பெறமுடியாத எதனையும் பெரிய பெட்டியில் வைத்தலாகாது. கடவுச்சீட்டு, கட்டுரை, மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். பழைய ஏடுகளின் மூலப் பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் படங்களைக் கொண்டு செல்லுதலே அறிவுடைமை. கட்டுரையின் பிரதியொன்றை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பெட்டி வராவிடின் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே முறையிட்டு, எழுத்திற் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, பத்திரங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்கேனும் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. பயணச்சீட்டு வாங்குமுன் விசாரித்து அறியுங்கள். 2024ஆம் ஆண்டு தொடக்கம் மலேசியாவுக்குச் செல்வோர், சென்றடைவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகைப் பத்திரத்தை இணையத்தில் நிரப்புதல் வேண்டும். அழைப்புக் கடிதத்தையும் தங்குமிட முகவரியையும் அச்சிற் கையோடு வைத்திருங்கள்.

மூன்றாவது, பிறர் தரும் பொதிகள். நாம் பயணமாகும் செய்தி பரவியதும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் உறவினர்க்கென வந்து குவியும். அன்பினாற் கொடுப்பவையே; எனினும் கட்டிய பொதியை அப்படியே வாங்காதீர்கள். போதைப்பொருட் குற்றத்துக்கு மரணதண்டனையும் விதிக்கக்கூடிய நாடு அது. உங்கள் கண்முன் பிரித்து, உங்கள் கையாற் கட்டியதையே கொண்டு செல்லுங்கள்.

இனி நேரம். அவர்களது கடிகாரம் நமதைவிட இரண்டரை மணி முந்தியது. கட்டுநாயக்காவில் நள்ளிரவு விமானம் ஏறி, ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் பறந்து இறங்குங்கால் அங்கே காலை ஆறு மணியாகிவிடும். அன்றைக்கே மேடையேறுவோர் பாடு திண்டாட்டமே. இயலுமாயின் ஒரு நாள் முந்திச் செல்லுங்கள்.

விமான நிலையம் சிப்பாங்கில், நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. முதலாவது முனையத்திலிருந்து கடுகதிப் புகையிரதம் 28 நிமிடங்களிற் கே.எல். சென்ட்ரல் நிலையத்திற் சேர்க்கும். மாணவர்க்குப் பஸ் மலிவு. ஆனால் நேரம் கூடும். பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர், கே.எல். சென்ட்ரலிலிருந்து நகர இலகு ரயிலில் நான்காவது தரிப்பான 'யுனிவர்சிட்டி' நிலையத்தில் இறங்குதல் வேண்டும்.

கே.எல். சென்ட்ரலை அடுத்துள்ள பிரிக்பீல்ட்ஸ் தங்குவதற்கு வசதியான இடம். வாழையிலைச் சோறும் தமிழ்ப் பேச்சும் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். ஸ்கொட் வீதியில் இலங்கைச் சைவர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அணித்தே உள்ளது. மாலைப் பூசைக்குச் சென்றால் ஊர் ஞாபகம் வரும்.

பின்னேரங்களிற் பெருமழை பொழிவதுண்டு; குடை அவசியம். மண்டபத்தினுள்ளோ குளிரூட்டி நடுங்க வைக்கும். சால்வை ஒன்றும் அவசியம். அங்குள்ள மின்செருகிக்கு மூன்று தட்டைக் கால்கள். நம் பழைய வீடுகளின் உருண்டைக் கால் செருகி அங்கே பொருந்தாது. மாற்றி ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். 'ஜாலான்' என்றால் வீதி, 'கெலுவார்' என்றால் வெளிவாயில், 'தெரிமா காசி' என்றால் நன்றி. இம்மூன்று சொற்களும் மூன்று நாளைக்குப் போதும்.

மகாநாட்டில் தேநீர் இடைவேளையை அறையிற் கழிக்காதீர்கள். மேடையிற் கேளாத செய்திகள் அங்கேதான் வெளிவரும். உங்களை நாடி வருவோரின் பெயரையும் முகவரியையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். அம்மூதாட்டியின் முகவரியை நாம் குறித்துவைத்ததே பின்னர் எமக்குக் கைகொடுத்தது.

எமது பெட்டி மூன்றாம் நாள், மகாநாடு முடிந்த மாலையில், வந்து சேர்ந்தது. கடிதங்களுக்குச் சேதமில்லை. நல்லகாலமாக, எமது விமானம் மறுநாள் இரவுக்கே இருந்தது. காலையிற் புகையிரதம் ஏறிச் சிரம்பானுக்குச் சென்றோம். மூதாட்டியாருக்குப் பார்வை மங்கியிருந்தமையால் நாமே வாசித்துக் காட்டினோம். சம்பளம் வருமுன் ஊருக்குப் பணம் அனுப்ப வழியின்றித் தவித்த எமது பாட்டனாருக்கு, நிலைய அதிபர் கேளாமலே இருபது வெள்ளி கொடுத்துதவினார் என்பதுதான் செய்தி. "ஐயா இதை வீட்டிலை ஒருநாளும் சொன்னதில்லை" என்று கூறி, அவ்விடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.

ஆதலின் இறுதிக் குறிப்பு இதுவே: மகாநாட்டுக்கு ஒரு நாள் முந்திச் செல்லுங்கள், முடிந்தபின் ஒரு நாள் தங்கி வாருங்கள்.